வெள்ளரி, பூசணி விதைகளை வீட்டுக்குள் எப்போது போடலாம்? (ஸ்கார்பரோ, ரொறொன்ரோ, கனடா)

மல்லிகைப்பந்தல் | ஸ்கார்பரோ | மார்ச் 15, 2025

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, போன வருடம்தான் பின்வளவு உள்ள வீட்டுக்கு வந்தோம். வந்த ஆசையில் மார்ச் முதல் கிழமையே வெள்ளரி, சுக்கினி, பூசணி மூன்றையும் முட்டைப் பெட்டிக்குள் மண் நிரப்பி விதைத்து, குசினி ஜன்னல் ஓரம் வைத்தேன். முளைத்தது நன்றாகத்தான் முளைத்தது. அப்புறம் இரண்டு கிழமைக்குள் எல்லாம் நூல் மாதிரி நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டன. சிலவற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்து மெலிந்து, காலையில் எழும்பிப் பார்த்தால் படுத்துக் கிடந்தன. மிஞ்சிய ஆறு கன்றுகளை மே 10 வாக்கில் வெளியே நட்டேன். இலை மஞ்சளாகி, வளராமலும் சாகாமலும் ஜூன் நடு வரை அப்படியே நின்றன. கடைசியில் ஒரேயொரு சுக்கினிதான் காய் தந்தது.

இந்த வருடம் அம்மா எங்களோடு வந்து இருக்கிறார். புடலங்காய்க்கும் பாவற்காய்க்கும் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டார். தமிழ்க் கடையில் இரண்டுக்கும் விதைப் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். விதையை எப்போது போடுவது? ஈரக் கடதாசியில் முளைக்கவைத்துப் பிறகு மண்ணுக்கு மாற்றுவது நல்லதா, நேரே மண்ணிலா? தெற்கு ஜன்னல் வெளிச்சம் போதுமா? இந்த முறையும் பிழைத்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செம்பாட்டான் | ஸ்கார்பரோ | மார்ச் 15, 2025

தங்கச்சி, பாக்கெட்டுகளை இப்போதைக்கு அலுமாரியில் பத்திரமாக வையுங்கள். மார்ச்சில் வெள்ளரிக்கு வேலையே இல்லை. உங்கள் கன்றுகள் கெட்டது கைராசியால் அல்ல, ஏழெட்டுக் கிழமை முந்திவிட்டதால்.

நான் இங்கே தோட்டம் செய்யத் தொடங்கி இது பத்தொன்பதாவது வருடம். யாழ்ப்பாணத்தில் அப்பா செம்பாட்டு மண்ணில் வெங்காயம், பூசணி, பாவல் எல்லாம் செய்தவர். குழி வெட்டி, எருப் போட்டு, மூன்று விதையை ஊன்றி, துலா மிதித்த காலத்திலிருந்து இறைத்துப் பழகியவர். அவர் விதையை வீட்டுக்குள் வைத்து வளர்த்ததே கிடையாது. அங்கே மண் வருடம் முழுக்கச் சூடாக இருக்கும், தேவையும் இருக்கவில்லை. நான் இங்கே வந்து அந்தப் பழக்கத்தோடு தொடங்கித் தோற்று, பிறகு எதிர்ப்பக்கம் போய் மார்ச்சிலேயே விதைத்தும் தோற்றேன். இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

வெள்ளரிக் குடும்பத்து விதை நாட்காட்டி பார்க்காது, சூடு பார்க்கும். வெள்ளரி விதை 15 பாகை (செல்சியஸ்) மண்ணில் முளைக்க ஏறக்குறைய 13 நாள் எடுக்கும். 20 பாகையில் 6 நாள், 25 பாகையில் 4 நாள், 30 பாகையில் 3 நாள் போதும். 13 நாள் குளிர்ந்த ஈர மண்ணுக்குள் கிடக்கும் விதை முளைக்கும் முன்பே அழுகவும் கூடும். முளைத்த பிறகும் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போனால் வேர் தண்ணீர் இழுப்பது குறைந்து, இலை வெளிறி, கன்று அப்படியே நின்றுவிடும். நீங்கள் மே 10 இல் நட்ட கன்றுகள் ஜூன் நடு வரை அசையாமல் நின்றது இதனால்தான். உறைபனி படாமலே குளிர் அவற்றை முடக்கிவிட்டது.

என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஆம் ஆண்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், எனக்கும் வேறு வேலை இல்லை. மார்ச் கடைசியில் விதைத்து, ஏப்ரல் முடியும்போது முழங்கை உயரத்துக்கு வெள்ளரிக் கன்று பதினான்கு வைத்திருந்தேன். அன்னையர் தினத்துக்கு முன்னதாகவே வெளியே வைத்தேன். மே 9 சனிக்கிழமை இந்த நகரத்தில் பனித்தூவல் விழுந்தது. வாளிகளைக் கவிழ்த்து மூடியும் ஒன்பது போய்விட்டன, ஐந்து தப்பின. மனம் கேட்காமல் அதே கிழமை இன்னும் எட்டு விதையைக் கோப்பைகளில் போட்டு, ஜூன் முதல் கிழமை வெளியே நட்டேன். முதல் வெள்ளரிக்காய் எந்தக் கொடியில் பறித்தேன் தெரியுமா? பின்னால் வந்த எட்டில் ஒன்றில். தப்பிய ஐந்தும் அப்போது இடுப்பளவு கூட வரவில்லை. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, திகதி எழுதி வைத்திருக்கிறேன்.

அதனால் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: வெள்ளரிக்கும் பூசணிக்கும் மூன்று நான்கு கிழமைக் கன்று போதும். முதலில் வரும் விதையிலைக்குப் பிறகு இரண்டு மூன்று நிஜ இலை, கட்டையான தண்டு, கோப்பைக்குள் வேர் சுற்றத் தொடங்காத நிலை. அதைவிட வயது கூடினால் லாபம் இல்லை, நட்டம்தான். தக்காளியை எட்டுக் கிழமை வீட்டுக்குள் வைத்து இரண்டு முறை சாடி மாற்றலாம், வேர் அறுந்தாலும் அது தாங்கும். இந்தக் குடும்பம் வேரில் கை படுவதைப் பொறுக்காது.

இனி உங்கள் வீட்டுக்குத் திகதி போட்டுப் பார்ப்போம். இங்கே பலர் விக்டோரியா தின (கனடாவின் மே மாதத் திங்கட்கிழமை விடுமுறை) நீண்ட வாரஇறுதியில் நடுவார்கள், இந்த வருடம் அது மே 19. தக்காளிக்கு அது சரி. வெள்ளரிக்கு நான் இன்னும் ஒரு பத்து நாள் பொறுப்பேன். மே 31 சனிக்கிழமை நடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் வெள்ளரி, சுக்கினி, பூசணி மே 3 சனிக்கிழமை கோப்பைக்குப் போக வேண்டும். அம்மாவின் புடலையும் பாவலும் வேறு கதை. விதைத்தோல் தடிப்பு, முளைக்கவே பத்து நாள், சில நேரம் இரண்டு கிழமையும் ஆகும், காய்க்கவும் காலம் எடுக்கும். அவற்றைச் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 19 வாக்கில் போடுங்கள். சுரை வைப்பதானால் அதுவும் அன்றைக்கே.

பாவல், புடலை விதைகளின் கூர் நுனியை நகவெட்டியால் மெல்ல ஒரு நறுக்கு. உள்ளே இருக்கும் பருப்பில் வெட்டுப் படக்கூடாது, தோல் திறந்தால் போதும். ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும். அப்புறம் ஈரக் கடதாசியில் சுற்றி, ஜிப் பைக்குள் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் நிலக்கீழ் அறையில் வெந்நீர்த் தாங்கிக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது, அதுதான் என் முளைகூடம். நாளுக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, வெள்ளை முளை அரை விரற்கடை வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் வேர் கடதாசிக்குள் புகுந்துவிடும், பிரித்தெடுக்கும்போது முறியும். வெள்ளரிக்கும் சுக்கினிக்கும் இந்தக் கடதாசி வேலை வேண்டாம், நேரே கோப்பையில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். கோப்பைக்கு இரண்டு விதை, பிறகு மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் சேர்ந்து ஆடும்.

முட்டைப் பெட்டி வேண்டாம். அதன் குழி ஆழம் போதாது, ஒரு கிழமையிலேயே வேர் அடியில் முட்டிவிடும். அடியில் துளை போட்ட தயிர்க் கோப்பை போதும்.

கன்று தண்டு மெலிந்து விழுந்தது பூஞ்சையின் வேலை. மண் எப்போதும் நசநசவென்று ஈரமாக, குளிராக, காற்றோட்டம் இல்லாமல் இருந்தால் அது வரும். பழைய தோட்ட மண்ணைக் கொண்டுவராமல், விதைக்கென்று விற்கும் புது மண்கலவை வாங்குங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், கோப்பைகளைத் தட்டில் வைத்துத் தட்டுக்குள் ஊற்றி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கோப்பைகளைப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால், முளை மண்ணுக்கு மேலே தெரிந்த அன்றைக்கே அதை எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சத்துக்கு வருவோம். தெற்கு ஜன்னல் போதாது. நமக்குக் கண் கூசுகிற வெளிச்சமே கன்றுக்கு நிழல்தான். கராஜில் மாட்டும் நான்கு அடி எல்இடி விளக்கு ஒன்று வாங்குங்கள், செடிக்கென்று தனியாக விற்கும் விலை கூடிய ஊதா விளக்கு தேவையில்லை. கன்றுக்கு மேலே ஐந்திலிருந்து எட்டு சென்ரிமீற்றர் உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டு, கன்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். நாளுக்குப் பதினாறு மணிநேரம் எரிய வேண்டும். முளைத்தவுடன் சூட்டையும் குறையுங்கள், 20 பாகை போதும். சூடு கூடி வெளிச்சம் குறைந்தால் போன வருடம் கண்ட நூல்தான் மறுபடி வரும்.

மே கடைசிக் கிழமை வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணிநேரம் நிழலில். அப்புறம் நாளுக்கு நாள் கூட்டி, ஏழாம் எட்டாம் நாள் முழு வெயில். இதைச் செய்யாமல் நேரே வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாய் வெந்துவிடும்.

கேட்க நிறைய இருக்கும், கேளுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

---

குரும்பட்டி | மார்க்கம் | மார்ச் 16, 2025

அண்ணை சொன்னதில் எனக்கு ஒன்றுதான் ஒத்துவரவில்லை. வெள்ளரிக்கும் சுக்கினிக்கும் இந்தக் கோப்பை, விளக்கு எதுவும் தேவையா? நான் ஆறு வருடமாக ஜூன் 1 அன்று நேரே பாத்தியில் விதைக்கிறேன். மண் அப்போது 20 பாகை வந்துவிடும். ஆறு ஏழு நாளில் முளைத்து, வேர் ஒருதடவையும் ஆடாததால் ஓட்டமாக வளர்ந்துவிடும். சுக்கினி ஜூலை 20 வாக்கில் முதல் காய் தரும், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைத் தின்னத் தேவையான அளவுக்கு ஆட்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடையில் கன்று வாங்கி நடுவார், அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு கிழமைதான் வித்தியாசம்.

வேலைக்குப் போய்வருகிற ஆளுக்குக் கோப்பைகளை ஒரு கிழமை உள்ளே வெளியே தூக்கித் திரிவது லேசான காரியம் இல்லை. அதைச் செய்ய முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

செம்பாட்டான் | மார்ச் 16, 2025

தம்பி சொல்வது உண்மை, நானே சொல்லியிருக்க வேண்டும். சுக்கினிக்கும் வெள்ளரிக்கும் ஜூன் 1 நேரடி விதைப்பு நல்ல வழி. நான் கோப்பையில் போடுவதற்குக் காரணம் என் வளவில் அணில். புதிதாக ஊன்றிய பூசணி விதையைத் தோண்டித் தின்றுவிட்டு, குழியை மட்டும் விட்டுப் போகும். முளைத்து இரண்டு இலை வந்த கன்றை அது அவ்வளவாகத் தொடாது. அணில் தொல்லை இல்லாத வளவு என்றால் தம்பியின் வழியே மேல்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடு போட்ட மஞ்சள் வண்டு ஜூன் தொடக்கத்தில் வரும். விதையிலை மட்டும் இருக்கும் பிஞ்சுக் கன்றை ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும். அது கடிக்கும்போது பரவும் பக்டீரியாவால் ஒரு மாதம் கழித்துக் காய்க்கிற நேரத்தில் முழுக் கொடியும் வாடி விழும். மூன்று இலை உள்ள கன்று கடியைத் தாங்கும். எந்த வழியானாலும் முதல் நாளே மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுங்கள். பெண்பூ வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ உள்ளே போகாது.

ஆனால் புடலையையும் பாவலையும் ஜூன் 1 இல் நேரே விதைத்தால் ஒக்டோபர் குளிர் வரும்போதுதான் பந்தல் நிரம்பும். அவை இரண்டுக்கும் வீடுதான்.

---

பனிமலர் | எட்மன்டன் | மார்ச் 18, 2025

எங்கள் பக்கம் செப்டம்பரிலேயே உறைபனி வந்துவிடும், அதனால் வெள்ளரியைக் கூட வீட்டுக்குள் தொடங்குவதைத் தவிர வழி இல்லை. ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். நான் மூன்று வருடம் புடலை வைத்தேன். ஜூனில் இங்கே பகல் பதினேழு மணிநேரம். கொடி கூரை வரை போனது, பூவும் குலைகுலையாக வந்தது, எல்லாம் ஆண்பூ. பெண்பூ ஓகஸ்ட் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. பகல் நீண்டு வெயிலும் கூடினால் இந்தக் குடும்பத்தில் ஆண்பூ கூடும் என்று பிறகுதான் அறிந்தேன். ரொறொன்ரோவில் பகல் இவ்வளவு நீளம் இல்லை, என்றாலும் ஜூலை முழுக்கக் காய் பிடிக்கவில்லையே என்று அம்மா கவலைப்பட்டால் பொறுக்கச் சொல்லுங்கள். பசளையைக் கொட்டிவிட வேண்டாம், இலைதான் கூடும்.

புடலைப்பூ இருட்டும்போது விரியும், சுரையும் அப்படித்தான். அந்த நேரத்தில் தேனீ வராது. பெண்பூ வந்ததும் மாலையில் ஒரு ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுங்கள். பூசணிக்கோ இதை விடியக் காலையில் செய்ய வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பூ வாடத் தொடங்கிவிடும்.

---

மல்லிகைப்பந்தல் | மே 4, 2025

செம்பாட்டான் அண்ணை, எழுதியபடியே செய்தேன். ஏப்ரல் 19 பாவல் எட்டு, புடலை எட்டு போட்டேன். பாவலில் ஏழு முளைத்துவிட்டன. புடலையில் மூன்றுதான். மிச்ச ஐந்தையும் எறிந்துவிடவா? முளைத்தவற்றில் ஒன்று விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது, இலை விரியவில்லை. பிய்த்து எடுக்கலாமா? நேற்று வெள்ளரி பன்னிரண்டு, சுக்கினி நான்கு, பூசணி நான்கு கோப்பைக்குப் போயாயிற்று.

---

செம்பாட்டான் | மே 4, 2025

எறியவே வேண்டாம். புடலை மூன்று கிழமை கழித்தும் முளைத்ததை நான் கண்டிருக்கிறேன். விதையை மெல்ல அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உயிர் இருக்கலாம், பிதுங்கினால் அழுகிவிட்டது. கடதாசியை மாற்றி மறுபடி சூட்டில் வையுங்கள்.

தொப்பியைப் பிய்க்காதீர்கள், இலையும் சேர்ந்து வந்துவிடும். ஈரப் பஞ்சை அதன்மேல் வைத்து ஒரு மணிநேரம் விடுங்கள், தோல் இளகியதும் விரலால் தொட்டாலே கழன்றுவிடும். அடுத்த முறை கொஞ்சம் ஆழமாக ஊன்றுங்கள். மேலே வரும்போது மண்ணே தோலைப் பிடித்துக்கொள்ளும்.

மே 19 அன்று அக்கம்பக்கம் எல்லோரும் நடும்போது உங்களுக்கும் கை துருதுருக்கும். நடுவதற்கு முன் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். தொடர்ந்து 12 பாகைக்கு மேலே நின்றால்தான் இறக்க வேண்டும். பாத்தியின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக்கை இப்போதே விரித்து வைத்தால் அதற்குள் மண் சூடேறிவிடும்.

---

மல்லிகைப்பந்தல் | ஜூன் 15, 2025

புடலை இன்னும் இரண்டு வந்தது, மொத்தம் ஐந்து. மே 19 அன்று எதிர்வீட்டுக்காரர் நட்டதைப் பார்த்து எனக்கும் பொறுக்கவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் நாளுக்கு மூன்று தடவை வெப்பமானியைப் பார்ப்பார். ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு கன்றுகூட மஞ்சளாகவில்லை. வெள்ளரி இன்றைக்குக் கம்பியைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது, சுக்கினியில் மொட்டு தெரிகிறது. ஒரு பூசணியை மட்டும் துணிக்குக் கீழே புகுந்து ஏதோ வெட்டிவிட்டது. அந்த இடத்தில் இரண்டு விதையை நேரே ஊன்றியிருக்கிறேன், குரும்பட்டி சொன்ன மாதிரி.

பாவலுக்குப் பந்தல் ஆறு அடி உயரம் போதுமா, இன்னும் உயர்த்த வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

---

செம்பாட்டான் | ஜூன் 15, 2025

பாவலுக்கு ஆறு அடி தாராளம். புடலைக்கு ஏழு அடி வையுங்கள், காய் தொங்க இடம் வேண்டும். காயின் நுனி சுருண்டு வளைந்தால் அம்மாவைக் கேளுங்கள், ஊரில் ஒரு சின்னக் கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம். அவருக்குத் தெரிந்திருக்கும்.